மூன்று முறை நிறைவேறி ஒரு கையெழுத்தில் நின்ற மசோதா

‘கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை: மசோதா நிறைவேறியது.’ இப்படி ஒரு செய்தி 2023ஆம் ஆண்டில் மூன்று முறை வந்தது. மே 11, ஆகஸ்ட் 28, செப்டம்பர் 5. மூன்றும் உண்மைச் செய்திகள்தான். ஆனால் அக்டோபர் 7ஆம் தேதி மாநில ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மசோதா சட்டமாகாமலே முடிந்துபோனது. செய்தியின் தலைப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு, மே மாதமே வந்துவிட்ட சட்டம் அக்டோபரில் எப்படி இல்லாமல் போனது என்ற குழப்பம் இருந்திருக்கும்.

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் ஒரு மசோதா எங்கே பிறக்கிறது, எந்தெந்த இடத்தில் சாகிறது, ஓர் உறுப்பினரின் பெயருக்கு நேரே இருக்கும் மசோதாப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதை இந்த ஒரு மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். ஐம்பது மாநிலங்களிலும் நடைமுறை கொஞ்சம் கொஞ்சம் மாறும். இங்கே பேசப்போவது கலிபோர்னியாவைப் பற்றி மட்டும்தான். இந்தியர்கள் மிக அதிகமாக வாழும் அமெரிக்க மாநிலம் அது. நம் தெருவிலேயே யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை ஃப்ரீமாண்டிலோ சன்னிவேலிலோ இருக்கும்.

முதலில் ஒரு பெரிய வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் மசோதா என்றாலே அரசாங்கத்தின் மசோதாதான். துறை அதிகாரிகள் எழுதுவார்கள், அமைச்சரவை ஒப்புக்கொள்ளும், அமைச்சர் அவையில் தாக்கல் செய்வார், ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருப்பதால் அநேகமாக நிறைவேறிவிடும். அமைச்சர் அல்லாத உறுப்பினரும் ‘தனிநபர் மசோதா’ கொண்டுவரலாம் என்று விதி இருக்கிறது. நாடாளுமன்றத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்காகவே ஒதுக்கப்படுகிறது. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வழியில் சட்டமானவை மொத்தமே 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். திருச்சி சிவா கொண்டுவந்த மூன்றாம் பாலினத்தவர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியபோது நாடே திரும்பிப் பார்த்தது. அந்த மசோதாகூட மக்களவையைத் தாண்டவில்லை.

கலிபோர்னியாவில் தனிநபர் மசோதா என்று தனியாக ஒரு வகை கிடையாது. ஏனென்றால் அங்கே எல்லாமே தனிநபர் மசோதாதான். அங்குள்ள ஆளுநர் நம் ஆளுநர் மாளிகையில் இருப்பவரைப் போல நியமனத்தில் வந்தவர் அல்ல. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தலைவர், அதிகாரத்தில் நம் முதல்வருக்குச் சமமானவர். ஆனால் அவரும் அவருடைய துறைத் தலைவர்களும் சட்டமன்ற உறுப்பினர்கள் இல்லை. அவர்களால் மசோதாவைத் தாக்கல் செய்ய முடியாது. ஆளுநருக்கே ஒரு சட்டம் தேவை என்றாலும் ஏதாவது ஓர் உறுப்பினரைப் பிடித்துத்தான் கொண்டுவரச் சொல்ல வேண்டும். கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும் என்ற சட்டமும் அங்கே இல்லை. ஆகவே ஒவ்வொரு மசோதாவின் தலையிலும் ஓர் உறுப்பினரின் பெயர் இருக்கும். அதைக் கரைசேர்க்கும் பொறுப்பும் அவர் தலையில்தான்.

அங்கே இரண்டு அவைகள். அசெம்பிளியில் 80 பேர், இரண்டாண்டுப் பதவி. செனட்டில் 40 பேர், நான்காண்டுப் பதவி. மாநில மக்கள்தொகை நான்கு கோடியை ஒட்டியது. அதாவது ஒரு செனட்டர் ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்குப் பிரதிநிதி. நம் எம்.எல்.ஏ.வின் தொகுதியைப் போல மூன்று மடங்கு. கூட்டத்தொடர் என்பதும் நம்முடையதைப் போல சில வாரங்களில் முடிவது அல்ல. இரட்டைப்படை ஆண்டின் டிசம்பர் முதல் திங்கட்கிழமை தொடங்கி இரண்டு ஆண்டு ஓடும். முதல் ஆண்டில் தேங்கிய மசோதாவை இரண்டாம் ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம். இரண்டாம் ஆண்டின் ஆகஸ்ட் 31க்குள் கரையேறாதது அத்தோடு செத்தது. அடுத்த கூட்டத்தொடரில் புதிய எண்ணோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2023இல் மட்டும் 2,600க்கும் மேற்பட்ட மசோதாக்கள் தாக்கலாயின. இந்த வெள்ளத்துக்கு அணை போடத்தான் ஓர் உறுப்பினர் இத்தனை மசோதாதான் கொண்டுவரலாம் என்று அவைகளே உச்சவரம்பு வைத்திருக்கின்றன. முன்பு இரண்டாண்டுக்கு அசெம்பிளி உறுப்பினருக்கு 50, செனட்டருக்கு 40 என்று இருந்தது. 2025-26 கூட்டத்தொடரில் இருவருக்கும் 35 என்று குறைத்தார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஐம்பது மசோதாவை ஒருவர் உண்மையான அக்கறையோடு கவனித்துக்கொள்ள முடியும் என்று நம்புவது கடினம்.

யோசனை எங்கிருந்து வருகிறது?

ஆயிஷா வஹாப் 2022 நவம்பர் தேர்தலில் வென்று செனட்டுக்குள் நுழைந்தவர். ஆப்கானிஸ்தான் வம்சாவளி. ஹேவர்ட் நகர மன்ற உறுப்பினராக இருந்தவர். அவருடைய தொகுதியில் ஃப்ரீமாண்ட் வருகிறது. இந்தியக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் ஊர். செனட்டரான சில மாதங்களிலேயே அவர் தாக்கல் செய்த மசோதாதான் எஸ்.பி. 403. ‘எஸ்.பி.’ என்றால் செனட்டில் பிறந்த மசோதா. அசெம்பிளியில் பிறந்தால் ‘ஏ.பி.’ என்று வரும்.

அதற்கான யோசனை அவர் ஒருவர் மனதில் திடீரென்று உதித்தது இல்லை. 2020இல் கலிபோர்னியாவின் குடிமை உரிமைத் துறை, ஒரு தலித் பொறியாளரை மேலதிகாரிகள் சாதி காரணமாக ஒதுக்கினார்கள் என்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. நிறுவனம் அதை மறுத்தது. தனிப்பட்ட இரண்டு மேலதிகாரிகள் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் அரசே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம், சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானது. தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த தேன்மொழி சௌந்தரராஜனின் ‘ஈக்வாலிட்டி லேப்ஸ்’ போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இதற்காகப் பேசிவந்தன. அந்தக் காற்றில்தான் எஸ்.பி. 403 பிறந்தது.

பெரும்பாலான மசோதாக்கள் இப்படித்தான் வெளியிலிருந்து வருகின்றன. தொழிற்சங்கம், வணிகர் சங்கம், மாவட்ட நிர்வாகம், நோயாளிகள் அமைப்பு, சில நேரம் தொகுதிக்காரர் ஒருவர் எழுதிய கடிதம். கலிபோர்னியாவில் மசோதாவைத் தாக்கல் செய்யும் உறுப்பினரை ‘ஆதர்’ என்பார்கள். கூடச் சேர்ந்து பெயர் கொடுப்பவர்கள் ‘கோ-ஆதர்’. ‘ஸ்பான்சர்’ என்றால் அந்த யோசனையை உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுத்த வெளி அமைப்பு. மற்றப் பல மாநிலங்களில் உறுப்பினரையே ஸ்பான்சர் என்பதால், செய்தி படிக்கும்போது எந்த மாநிலம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. கலிபோர்னிய மசோதா ஒன்றின் ஸ்பான்சர் யார் என்று தெரிந்துகொண்டால், அது யாருடைய தேவையைத் தீர்க்க வந்தது என்பது பாதி விளங்கிவிடும்.

உறுப்பினர் தன் யோசனையைச் சொன்னால் போதும். சட்ட மொழியில் எழுதித் தருவதற்கு ‘லெஜிஸ்லேட்டிவ் கவுன்சல்’ என்ற அலுவலகம் இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் சார்பில்லாத வழக்கறிஞர்கள். ஒவ்வொரு மசோதாவின் தொடக்கத்திலும் அவர்கள் எழுதும் ஒரு சுருக்கம் இருக்கும். இப்போதுள்ள சட்டம் என்ன சொல்கிறது, இந்த மசோதா எதை மாற்றுகிறது என்று எளிய ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்லும் பகுதி அது. முழு மசோதாவையும் படிக்க நேரமில்லாதவர்கள் அதை மட்டுமாவது படிக்க வேண்டும். நம் சட்டமன்ற மசோதாக்களுக்கும் தமிழில் இப்படி ஒரு சுருக்கம், சார்பில்லாத கையால் எழுதப்பட்டு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

தாக்கல் செய்த மசோதாவை உடனே விவாதிக்க முடியாது. அச்சாகி முப்பது நாள் மக்கள் பார்வையில் இருக்க வேண்டும். பிறகுதான் குழுவுக்குப் போகும்.

குழு அறையில்

எஸ்.பி. 403 ஏப்ரல் இறுதியில் செனட்டின் நீதித் துறைக் குழு முன் வந்தது. தலைநகர் சாக்ரமென்டோவில், ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் திரளாக வந்து வரிசையில் நின்றார்கள். குழு விசாரணை நடக்கும் விதம் இதுதான்: மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் முதலில் பேசுவார். ஆதரவாக இரண்டொரு சாட்சிகள், எதிராக இரண்டொரு சாட்சிகள், ஆளுக்குச் சில நிமிடம். அதன் பிறகு பொதுமக்கள். ஒலிவாங்கி முன் வரிசையாக வந்து பெயர், ஊர் அல்லது அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். வாதம் செய்ய அனுமதி இல்லை. ஆனால் சொன்னது பதிவாகும்.

ஒவ்வொரு குழுவிலும் பணியாளர்கள் மசோதாவைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை எழுதுவார்கள். அதன் கடைசிப் பக்கங்களில் ஆதரவு தெரிவித்த அமைப்புகள், எதிர்ப்புத் தெரிவித்த அமைப்புகள் என்று இரண்டு பட்டியல் இருக்கும். மேடைப் பேச்சுகள் பத்தைக் கேட்டாலும் தெரியாத விஷயம் இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எஸ்.பி. 403 எதிர்ப்பாளர்களில் முன்னணியில் நின்றது ஹிந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன். சாதி என்று சட்டத்தில் எழுதினால் தெற்காசியர்களையும் இந்துக்களையும் மட்டும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வைக்கும், ஏற்கெனவே இருக்கும் சட்டங்களே போதும் என்பது அவர்கள் தரப்பு. வேலை இடத்திலும் வாடகை வீட்டிலும் நடக்கும் ஒதுக்கலுக்குப் பெயர் சொல்லிச் சட்டத்தில் இடம் தராவிட்டால் புகார் கொடுக்கக்கூட யாரும் துணிய மாட்டார்கள் என்பது ஆதரவாளர்கள் தரப்பு.

இந்த இழுபறியின் விளைவை மசோதாவின் வாசகத்திலேயே காணலாம். தொடக்கத்தில், இனம், நிறம், மதம், பாலினம் என்று நீளும் பாதுகாப்புப் பட்டியலில் ‘சாதி’ என்பதைத் தனிச் சொல்லாகச் சேர்ப்பதுதான் திட்டம். மசோதா அசெம்பிளிக்கு வந்து ஜூலையில் அங்குள்ள நீதித் துறைக் குழுவைக் கடந்தபோது அது மாறியது. பட்டியலில் ஏற்கெனவே இருந்த ‘வம்சாவளி’ என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதி, அந்த விளக்கத்துக்குள் சாதியைக் கொண்டுவந்தார்கள். பார்வைக்குச் சின்னத் திருத்தம். ஆனால் தனியாக நிற்கும் பாதுகாப்பு வேறு, இன்னொன்றுக்குள் அடங்கிய பாதுகாப்பு வேறு. பின்னாளில் ஆளுநர் சொன்ன காரணத்துக்கு இந்தத் திருத்தமே வழி திறந்துவிட்டது என்பது என் கணிப்பு.

திருத்தங்களைக் கண்டுபிடிப்பது கடினமே இல்லை. சட்டமன்றத்தின் ‘லெஜ்இன்ஃபோ’ இணையதளத்தில் ஒவ்வொரு மசோதாவின் எல்லாப் பதிப்புகளும் இருக்கும். நீக்கிய சொற்கள் சிவப்பில் குறுக்கே கோடு போடப்பட்டிருக்கும். சேர்த்த சொற்கள் நீலத்தில் சாய்ந்த எழுத்தில் இருக்கும். பிப்ரவரிப் பதிப்பையும் செப்டம்பர்ப் பதிப்பையும் ஒப்பிட்டுக் காட்டவும் அதிலேயே வசதி உண்டு. சில மசோதாக்களில் தலைப்பு எண்ணும் உறுப்பினர் பெயரும் மட்டும் மிஞ்சி, உள்ளே இருந்தது முழுவதையும் நீக்கிவிட்டு வேறொரு விஷயத்தைத் திணித்திருப்பார்கள். கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் இந்த வேலை அதிகம். இதைக் கட்டுப்படுத்தத்தான் 2016இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: இறுதி வாக்கெடுப்புக்கு முன் 72 மணி நேரமாவது மசோதாவின் இறுதி வடிவம் இணையத்தில் இருக்க வேண்டும்.

சத்தமில்லாமல் சாகும் இடம்

மசோதாக்கள் கூட்டம் கூட்டமாக முடிந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அது வாக்கெடுப்பு நடக்கும் பேரவை மண்டபம் அல்ல. நிதி ஒதுக்கீட்டுக் குழு. அரசுக்கு ஓரளவுக்கு மேல் செலவு வைக்கும் மசோதா எதுவானாலும் — அசெம்பிளிக் கணக்கில் 1,50,000 டாலர் — அதை உடனே முடிவு செய்யாமல் ‘சஸ்பென்ஸ் ஃபைல்’ என்ற கட்டில் சேர்த்து வைப்பார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் கோடை முடிவிலும், அந்தக் கட்டைப் பிரிப்பார்கள். குழுத் தலைவர் மசோதா எண்ணைப் படிப்பார், முடிவைச் சொல்வார். அடுத்த எண். நூற்றுக்கணக்கான மசோதாக்களின் தலையெழுத்து ஒரு சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில ‘தேறியது’, சில ‘திருத்தத்துடன் தேறியது’, மற்றவை ‘நிறுத்திவைக்கப்பட்டது’. ஏன் நிறுத்தினார்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயர்வாரியான வாக்கும் கிடைக்காது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆஷ் கால்ரா சான் ஹோசேயைச் சேர்ந்த அசெம்பிளி உறுப்பினர். கலிபோர்னியச் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் இந்திய வம்சாவளியினர், 2016இல். மாநிலத்தின் எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பது அவர் நெடுநாள் முயற்சி. 2021இல் ஏ.பி. 1400 என்று கொண்டுவந்தார். அது முதல் ஆண்டில் தேங்கி, இரண்டாம் ஆண்டுக்குப் போனது. 2022 ஜனவரி 31க்குள் அசெம்பிளியில் நிறைவேற வேண்டிய கெடு. அன்றைக்கு கால்ராவே அதை வாக்கெடுப்புக்கு எடுக்கவில்லை. வாக்குகள் தேறாது என்று தெரிந்துவிட்டது. அந்த மசோதாவின் ஸ்பான்சரான செவிலியர் சங்கம் அவர்மீது கடுமையாகக் கோபப்பட்டது. தோற்றாலும் பரவாயில்லை, யார் யார் எதிர்க்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியட்டும் என்பது அவர்கள் கட்சி. 2024இல் அதே நோக்கத்தோடு ஏ.பி. 2200 வந்தது. மே மாதம் சஸ்பென்ஸ் ஃபைலில் நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த முறையை நான் ஏற்கவில்லை. செலவைப் பார்த்து மசோதாவைத் தடுப்பது நியாயமான வேலைதான். ஆனால் லட்சக்கணக்கான பேரின் மருத்துவச் செலவைத் தொடும் ஒரு மசோதா, ஒருவர் பெயரும் பதிவாகாமல், ஒரு வரி விளக்கமும் இல்லாமல் முடிந்துபோவது ஜனநாயகத்துக்கு அழகல்ல. ‘நான் எதிர்த்தேன்’ என்று சொல்லும் துணிவு உறுப்பினருக்கு வேண்டும். வாக்காளருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் உண்டு.

வராதவர் வாக்கு

குழுக்களைத் தாண்டி வந்தால் முழு அவை வாக்கெடுப்பு. இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு: வந்திருப்பவர்களில் பெரும்பான்மை என்பது போதாது. மொத்த இடங்களில் பாதிக்கு மேல் வேண்டும். செனட்டில் 21, அசெம்பிளியில் 41. வரி விதிக்கும் மசோதாவுக்கும் உடனே அமலாக வேண்டிய அவசர மசோதாவுக்கும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 27, 54.

இதன் விளைவு விசித்திரமானது. வாக்களிக்காமல் இருப்பதும் எதிர்த்து வாக்களிப்பதும் ஒன்றுதான். 2020 ஜனவரி இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோ செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த எஸ்.பி. 50, ரயில் நிலையங்களுக்கும் பேருந்து வழிகளுக்கும் அருகே அடுக்குமாடிக் குடியிருப்புகளை அனுமதிக்கும் மசோதா, செனட் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 18, எதிர்ப்பு 15. நம் பேரவையில் அது வெற்றி. அங்கே தோல்வி. மூன்று வாக்கு குறைந்தது. மீதி உறுப்பினர்கள் எதிர்ப்புப் பொத்தானை அழுத்தாமலேயே அதைத் தோற்கடித்தார்கள்.

இப்போது எஸ்.பி. 403 எண்களைப் பாருங்கள். மே 11 அன்று செனட்டில் ஆதரவு 34, எதிர்ப்பு 1. ஆகஸ்ட் 28 அன்று அசெம்பிளியில் ஆதரவு 50, எதிர்ப்பு 3. இடங்கள் 80 என்பதை நினைவில் வையுங்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல் உறுப்பினர்கள் எந்தப் பக்கமும் பதிவாகவில்லை. உடல்நலம், பயணம் என்று ஒரு சிலருக்குக் காரணம் இருந்திருக்கலாம். எல்லோருக்கும் இருந்திருக்காது. அசெம்பிளி மாற்றிய வாசகத்தைச் செனட் மறுபடி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் செப்டம்பர் 5 அன்று மூன்றாவது வாக்கெடுப்பு: ஆதரவு 31, எதிர்ப்பு 5. மே மாதம் ஒன்றாக இருந்த எதிர்ப்பு, நான்கு மாதத்தில் ஐந்தாகியிருந்தது. மூன்று முறை ‘நிறைவேறியது’ என்று செய்தி வந்ததன் விளக்கம் இதுதான். பிறந்த அவை, அடுத்த அவை, திரும்பவும் பிறந்த அவை.

ஆளுநரின் மேசை

இரண்டு அவைகளும் ஒரே வாசகத்தை ஏற்ற பிறகு மசோதா ஆளுநரிடம் போகும். சாதாரண நாட்களில் அவருக்கு 12 நாள் அவகாசம். கூட்டம் முடியும் தருவாயில் வந்து சேர்பவற்றுக்கு ஒரு மாதம். கையெழுத்திடலாம், காரணம் எழுதி நிராகரிக்கலாம். இரண்டும் செய்யாமல் விட்டால் கையெழுத்து இல்லாமலேயே சட்டமாகிவிடும். நம் மாநிலத்தில் மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் ஆண்டுக்கணக்கில் தூங்கியதையும், அதற்காகத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போனதையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கெடுவின் அருமை தெரியும்.

2023இல் நியூசம் கைக்கு வந்தவை 1,046. கையெழுத்திட்டது 890, நிராகரித்தது 156. ஏறக்குறைய ஏழில் ஒன்று. எஸ்.பி. 403 அந்த 156இல் ஒன்று. கையெழுத்துக் கோரி சாக்ரமென்டோவில் பட்டினிப் போராட்டம் நடந்தது. எதிர்ப்புத் தரப்பும் தன் பங்குக்குக் கடிதங்களைக் குவித்தது. கடைசியில் ஆளுநர் எழுதிய நிராகரிப்புக் குறிப்பின் சாரம்: மதம், வம்சாவளி உள்ளிட்ட காரணங்களால் பாகுபாடு காட்டுவது ஏற்கெனவே தடைசெய்யப்பட்டிருக்கிறது, சாதிப் பாகுபாடும் அதற்குள் வந்துவிடும், ஆகவே இந்த மசோதா தேவையற்றது.

இரு தரப்பும் இதில் தத்தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டன. சட்டம் வரவில்லை என்று ஒரு தரப்பு மகிழ்ந்தது. சாதிப் பாகுபாடு இப்போதுள்ள சட்டத்தின்படியே குற்றம் என்று ஆளுநரே எழுதிக்கொடுத்துவிட்டார் என்று மறு தரப்பு சொன்னது. என் எண்ணம் இது: நிராகரிப்புக் குறிப்பு சட்டம் ஆகாது. வேலை பறிபோனவர் ஒருவர் நீதிமன்றப் படி ஏறும்போது சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதைத்தான் காட்ட முடியும். ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்றால், அதை வெளிப்படையாக எழுதிவைப்பதில் யாருக்கும் இழப்பில்லை.

ஆளுநரின் நிராகரிப்பை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு முறியடிக்கலாம். செனட்டில் 27 போதும், எஸ்.பி. 403க்குக் கடைசி வாக்கெடுப்பில் கிடைத்ததோ 31. அசெம்பிளியில் 54 வேண்டும், கிடைத்தது 50. ஆனாலும் முறியடிக்கும் முயற்சி நடக்கவில்லை. 1980க்குப் பிறகு கலிபோர்னியாவில் எந்த ஆளுநரின் நிராகரிப்பும் முறியடிக்கப்பட்டதில்லை. ஏட்டில் இருக்கும் அதிகாரம், ஆளுங்கட்சிக்காரர்கள் தங்கள் ஆளுநரை எதிர்க்கத் துணியாததால் துருப்பிடித்துக் கிடக்கிறது.

தீர்மானம் வேறு, சட்டம் வேறு

உறுப்பினரின் பட்டியலில் மசோதாக்களோடு தீர்மானங்களும் கலந்திருக்கும். 2017இல் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றம் ஜனவரி 14ஐப் பொங்கல் நாள் என்று அறிவித்தபோது, ‘அமெரிக்காவில் பொங்கலுக்கு அரசு விடுமுறை’ என்று நம்மில் சிலர் புரிந்துகொண்டார்கள். அது தீர்மானம். மரியாதை செய்வது, நினைவுகூர்வது, கருத்துத் தெரிவிப்பது, அவ்வளவுதான். ஆளுநர் கையெழுத்து வேண்டாம். யாருக்கும் விடுமுறை கிடைக்காது. நம் பண்பாட்டுக்குக் கிடைத்த அந்த மரியாதை மகிழ்ச்சிக்குரியதுதான், ஆனால் சட்டம் என்று சொல்லக்கூடாது. தீபாவளிக்குக் கலிபோர்னியாவில் நடந்தது வேறு. ஆஷ் கால்ராவும் சான் டியேகோவைச் சேர்ந்த தர்ஷனா படேலும் கொண்டுவந்த ஏ.பி. 268, இரு அவைகளையும் தாண்டி 2025 அக்டோபரில் கையெழுத்தானது. அது சட்டம். எல்லோருக்கும் கட்டாய விடுமுறை இல்லை என்றாலும், பள்ளிகள் மூடவும் அரசு ஊழியர்கள் அன்று விடுப்பு எடுக்கவும் அது வழி செய்கிறது.

பட்டியலை எடைபோடுவது எப்படி?

ஆக, ஓர் உறுப்பினர் ‘நாற்பது மசோதா கொண்டுவந்தேன்’ என்று தேர்தல் துண்டறிக்கையில் போட்டால் அந்த எண்ணை நம்பிவிடக் கூடாது. அதில் எத்தனை தீர்மானம், எத்தனை சொற்பிழை திருத்தும் சில்லறை மசோதா, எத்தனை பின்னால் நிரப்பிக்கொள்ளலாம் என்று வெறுமனே இடம்பிடித்து வைத்தவை என்று கழித்துப் பார்க்க வேண்டும். மிஞ்சியதில் சட்டமானவற்றை மட்டும் எண்ணுவதும் சரியில்லை. ஸ்காட் வீனரின் கதையைப் பாருங்கள். ரயில் நிலையங்களுக்கு அருகே வீடுகள் கட்ட 2018இல் எஸ்.பி. 827 கொண்டுவந்தார், முதல் குழுவிலேயே தோற்றது. 2020இல் எஸ்.பி. 50, மேலே சொன்ன மூன்று வாக்கில் தோற்றது. 2025 அக்டோபரில் எஸ்.பி. 79 சட்டமானது. ஏழு ஆண்டு. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அவருடைய எஸ்.பி. 1047, 2024 செப்டம்பர் 29 அன்று நிராகரிக்கப்பட்டது. அதிலிருந்து கற்றுக்கொண்டு, சுமையைக் குறைத்து எழுதிய எஸ்.பி. 53, சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் கையெழுத்தானது. வெறும் வெற்றிக் கணக்கு மட்டும் போட்டால் 2024 வரைக்கும் இந்த இரண்டு விஷயத்திலும் அவர் தோற்ற மனிதர்.

நான் பார்க்கச் சொல்வது மூன்று இடங்களை. முதல் பதிப்புக்கும் கடைசிப் பதிப்புக்கும் நடுவில் என்ன காணாமல் போயிருக்கிறது. ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள். மசோதா எந்த இடத்தில், எத்தனை பேர் வாக்குப் பதியாமல் நின்றபோது செத்தது. அரை மணி நேர வேலை. உறுப்பினர் மசோதாவுக்காக உண்மையில் போராடினாரா, பெயர் போட்டுக்கொள்ள மட்டும் கொண்டுவந்தாரா என்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.

கலிபோர்னியாவில் இருக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு ஓட்டுரிமை கிடையாது. எச்-1பி விசாவில் இருப்பவர்கள், கிரீன் கார்டுக்குப் பல ஆண்டுகளாகக் காத்திருப்பவர்கள். ஓட்டு இல்லாததால் இந்த விஷயங்கள் நமக்கானவை இல்லை என்று அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் குழு அறையில் ஒலிவாங்கி முன் நின்று பெயர் சொல்லக் குடியுரிமைச் சான்று யாரும் கேட்பதில்லை. ஆதரவு அல்லது எதிர்ப்புக் கடிதத்தை இணையம் வழியாகவும் அனுப்பலாம். வாடகை, பள்ளி, மருத்துவக் காப்பீடு, வேலை இடத்து நியாயம் எல்லாம் அந்த 120 பேர் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே இருந்தால், இந்த வாரம் போன் பேசும்போது அவர்கள் தொகுதியின் அசெம்பிளி உறுப்பினர் யார், செனட்டர் யார் என்று கேளுங்கள். தெரியாது என்றால், பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.